மாப்பிள்ளையை விட்டு நகராத கமரா

எனக்குச் சும்மா இருக்க வராது. பள்ளிக்கூட அறிக்கையில் வருடா வருடம் வேறு வேறு ஆசிரியர்கள் ஒரே விஷயத்தைத்தான் எழுதினார்கள்: கெட்டிக்காரன், ஆனால் கதிரையில் இருக்கமாட்டான். அப்படிப்பட்டவனுக்குப் படிப்பு முடிந்ததும் கிடைத்த முதல் வேலையே இருப்பதுதான். அதுவும் கதிரையில் இல்லை. ஐஸ் அரங்கின் ஓரத்தில், இடுப்பளவு பலகைச் சுவருக்குப் பின்னால் போட்டிருக்கும் நீளமான மர வாங்கில்.

நான் ஐஸ் ஹாக்கி ஆடுகிறவன். ஆடுகிறவன் என்று எழுதும்போதே கை கொஞ்சம் கூசுகிறது. போன கோடையில், இருபத்தொரு வயதில், லண்டன் அணி ஒன்று என்னை ஒரு சீசன் ஒப்பந்தத்தில் எடுத்தது. கணிதப் பட்டத்தின் கடைசிப் பரீட்சை எழுதி மூன்று கிழமைதான் ஆகியிருந்தது. அம்மா ஆர்ச்வே முருகன் கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு, வாசலில் கண்ட எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தார். எல்லோரும் கேட்டது ஒன்றுதானாம்: "ஐஸிலையோ? கிரிக்கெட் இல்லையோ?"

கிரிக்கெட் இல்லை. ஒன்பது வயதில், வகுப்பில் படித்த ஒருவனின் பிறந்தநாளுக்கு ஸ்கேட் பண்ணப் போனோம். பிடித்துத் தள்ளிக்கொண்டு போக ஆளுக்கொரு பிளாஸ்டிக் பென்குவின் கொடுத்தார்கள். இரண்டு நிமிடத்தில் நான் என் பென்குவினைக் கைவிட்டேன். விழுந்தேன், எழும்பினேன், திரும்ப விழுந்தேன். என் கால்கள் போக விரும்பிய வேகத்தில் ஒரு தரை என்னைப் போக விட்டது அதுதான் முதல்தடவை. அதற்குப் பிறகு வீட்டில் யாரும் என்னைத் தடுக்கவில்லை. பத்து மணிக்கு முன் களைத்து நித்திரையாகும் பிள்ளையை யார் தடுப்பார்கள்?

இந்த விளையாட்டில் இருபது பேர் உடுப்புப் போட்டு வந்தாலும், ஐஸில் ஒரு நேரத்தில் கோல் காக்கும் கோலியோடு சேர்த்து ஆறு பேர்தான். ஆட்டம் இருபது இருபது நிமிடமாக மூன்று பகுதி. முழு வேகத்தில் நாற்பது விநாடிக்கு மேல் யாராலும் ஓட முடியாது. ஆகவே ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆட்கள் மாறுவார்கள். ஒருவர் உள்ளே வர, இன்னொருவர் சுவரைத் தாண்டிக் குதிப்பார். தாக்குதல் வீரர்கள் மும்மூன்று பேராக நான்கு கூட்டம். முதல் இரண்டு கூட்டத்துக்கும் நேரம் தாராளம். நான் நான்காவது. நான்காவது கூட்டம் முழுதாக இறங்குவது அபூர்வம். யாராவது களைத்தால், அடிபட்டால், எங்களில் ஒருவருக்கு நாற்பது விநாடி விழும்.

அந்த நாற்பது விநாடியை யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கிறவர் எங்கள் கோச். கனடாக்காரர், அமைதியான மனிதர். மற்றக் கோச்மார் போலப் பெயர் சொல்லிக் கத்தமாட்டார். வாங்குக்குப் பின்னால் நடந்துகொண்டே இருப்பார். அடுத்து யார் போக வேண்டுமோ அவருடைய தோளை இரண்டு விரலால் தொடுவார். ஒருதடவைதான். தோளில் தடித்த கவசம் இருந்தாலும் கவனமாக இருந்தால் தெரியும் என்பது அவருடைய கட்சி.

நான் கவனமாகத்தான் இருந்தேன், மணிக்கூட்டில். ஐஸுக்கு மேலே நடுவில் நேரம் காட்டும் ஒரு பெரிய மின்பலகை தொங்கும். மிச்சம் பதினொரு நிமிடம். அதாவது அறுநூற்று அறுபது விநாடி. நாற்பதால் பிரித்தால் பதினாறரை மாற்றம். நான்கில் ஒன்று எனக்கென்றால் நான்கு. அவ்வளவு வராது, ஆகவே இரண்டு. இரண்டும் வராது, ஆகவே ஒன்று. பட்டம் வாங்கிய மூளை இதற்குத்தான் பயன்பட்டது. கணக்குப் போடப் போட முழங்கால் ஆடும். என் பக்கத்தில் இருக்கும் இரண்டாவது கோலி, முப்பது வயதைத் தாண்டியவர், கிழமை நாட்களில் குழாய் வேலை செய்கிறவர். வாங்கின் ஓரத்துச் சிறிய கதவைத் திறந்து மூடுவதுதான் ஆட்ட நேரத்தில் அவருடைய முழு வேலை. ஒருநாள் அவர் சொன்னார்: "உன் காலில் ஒரு டைனமோவைக் கட்டினால் இந்த அரங்கின் கரண்ட் பில் பாதியாகும்."

இனி அப்பா.

அப்பா கலியாண வீடியோ எடுக்கிறவர். கிழக்கு லண்டன் செவன் கிங்ஸில் எங்கள் வீட்டு மாடியின் சின்ன அறைதான் அவருடைய எடிட்டிங் அறை. எங்கள் ஆட்களின் கலியாணம், பூப்புச் சடங்கான சாமத்தியவீடு என்று சனி ஞாயிறு அவருக்கு ஓய்வில்லை. ஆனால் ஞாயிறு ஆட்டம் பின்னேரம் ஐந்தரைக்கு. மண்டபத்தில் பந்தி முடிந்ததும் கோட்டும் டையுமாகவே, முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு அரங்குக்கு வந்துவிடுவார். தங்கச்சி கூட வருவாள். எதிர்ப்பக்கத்து மூன்றாவது படியில், எங்கள் வாங்குக்கு நேரெதிரே, கமரா நிற்கும்.

அவருடைய தொழிலில் ஒரு சட்டம் உண்டு: ஒரு கமரா மாப்பிள்ளையை விட்டு நகரக்கூடாது. சாப்பாட்டை எடுக்க, சனத்தை எடுக்க வேறு கமரா இருக்கும். முதலாவது கமரா மாப்பிள்ளையோடு. அரங்கில் அவரிடம் இருப்பது ஒரு கமராதான். மாப்பிள்ளை நான்.

விளைவு என்னவென்றால், ஆட்டத்துக்கு ஆட்டம் இரண்டு மணித்தியாலம் நான் வாங்கில் இருக்கும் படம் எங்கள் வீட்டில் சேர்ந்துகொண்டிருந்தது.

டிசம்பரில் ஒரு ஞாயிறு, ஆட்டம் முடிந்து காரில் வரும்போது தங்கச்சி பின்சீற்றிலிருந்து தொடங்கினாள். "அப்பா, ஒருக்காலாவது கமராவைப் பந்து இருக்கிற பக்கம் திருப்புங்கோ. அண்ணா தண்ணி குடிக்கிறது மட்டும்தான் இருக்கு. பேசிக்கலி அது தண்ணி விளம்பரம்."

"அது பந்தில்லை," என்றேன். "வட்டு."

"நீ அதைத் தொட்டால்தானே எங்களுக்கு அது என்னெண்டு தெரியும்."

"உது என்ன கதை பிள்ளை," என்றார் அப்பா, கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல். "ஐயர் வடிவா மந்திரம் சொல்லுறார் எண்டு நான் ஐயரையே எடுத்துக்கொண்டு நிண்டால் மாப்பிளை வீட்டுக்காரர் விடுவினமோ?"

"நான் மாப்பிளை இல்லையப்பா," என்றேன். "பந்தியிலை இடம் கிடைக்காத ஆள்."

யாரும் சிரிக்கவில்லை. அன்று எனக்கு மொத்தம் இரண்டேகால் நிமிடம்தான் கிடைத்திருந்தது.

வீட்டில் அம்மா வழக்கமான கேள்வியைக் கேட்டார். "இண்டைக்கு எத்தினை நிமிசம், அப்பன்?"

"ரெண்டேகால்."

"போன கிழமையைவிடக் கூடவோ, குறையவோ?"

"குறைய."

அம்மா என் சாப்பாட்டுக் கோப்பையில் இன்னும் இரண்டு இடியப்பத்தை வைத்தார். எங்கள் வீட்டில் நிமிடம் குறைந்தால் இடியப்பம் கூடும். அந்த மாதம் நான் கொஞ்சம் பருத்துவிட்டேன்.

அப்போதுதான் வீட்டில் சொன்னேன். வெள்ளிக்கிழமை எனக்கு ஒரு போன் வந்திருந்தது. வடக்கே, காரில் நான்கு மணித்தியாலத் தூரத்தில், ஒரு படி கீழ் லீக்கில் ஆடும் அணி ஒன்றின் மனேஜர். உடனே வா, ஆட்டத்துக்கு இருபது நிமிடம் தருகிறேன் என்றார். நான் ஐஸில் இருந்த துண்டுகளை வெட்டி அனுப்ப வேண்டும். புதன் பின்னேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். இருபது நிமிடம்! அந்தச் சொல்லைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. ஆனால் அந்த லீக்குக்கு இறங்கியவர்களில் திரும்பி ஏறி வந்தவர் ஒருவரையும் எனக்குத் தெரியாது. அங்கே எல்லோரும் பகலில் வேறு வேலை செய்து, பின்னேரம் ஆடுகிறவர்கள். இங்கேயே இருந்தாலோ, வசந்தத்தில் ஒப்பந்தம் முடியும்போது கோச்சுக்கு என்னைப் பற்றி ஞாபகம் வைத்திருக்க ஒன்றுமே இருக்காது. முன்பு ஒருதடவை அவரிடமே கேட்டேன், எனக்கு எப்போது என்று. "தயாராக இரு" என்றார். எனக்கு வந்த கோபம்! இதைவிட எப்படித் தயாராக இருப்பது?

"அங்கை ஆர் உனக்குச் சமைக்கிறது?" என்றார் அம்மா.

"அங்கையும் கடையள் இருக்கு, அம்மா."

அப்பா யோசித்தார். "அங்கை மட்ச் ஞாயிறோ?"

"சனி."

"சனியிலை எனக்குக் கலியாணங்கள் இருக்குமே, தம்பி."

அவ்வளவுதான் அவர் சொன்னது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவருடைய அறைக்குள் போனேன், துண்டுகளை வெட்டி வாங்க. அவர் விம்பிள்டன் பக்கத்து மண்டபத்தில் அந்த ஞாயிறு எடுத்த கலியாணத்தை வெட்டிக்கொண்டிருந்தார். "அஞ்சு நிமிசம் பொறு," என்றார். பொறுப்பது என் துறை இல்லை. கதிரையைச் சுழற்றிக்கொண்டு திரையைப் பார்த்தேன். மணவறையில் மாப்பிள்ளை, பக்கத்தில் தோழன். எங்கள் கலியாணங்களில் பெண்ணின் சகோதரன் தோழனாக மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் இருப்பான். அதேபோல் தலைப்பாகை, அதேபோல் சால்வை, ஆனால் மணித்தியாலக் கணக்கில் பெரிதாக வேலை ஒன்றும் இருக்காது. ஓம குண்டத்தில் போட அக்காவின் கைக்குப் பொரி எடுத்துக் கொடுக்கும் இடம் வரும்போதுதான் அவனுடைய நேரம். இந்தத் தோழனுக்கு என் வயதுதான் இருக்கும். சால்வைக்குக் கீழே ஏதோ வெளிச்சம் தெரிந்தது.

"பார், பார்," என்று அப்பா குலுங்கிச் சிரித்தார். "ஐயர் பொரி எங்கை எண்டு கேக்கிறார். பெடி போனிலை கிரிக்கெட் ஸ்கோர் பாக்குது."

ஐயர் மறுபடி கையைக் காட்டினார். தோழன் நிமிரவில்லை. பின்னாலிருந்து ஒரு மாமி கையை நீட்டித் தட்டை எடுத்து, பெண்ணின் கையில் தானே பொரியைப் போட்டார். நான் கதிரை ஆட ஆடச் சிரித்தேன். "பாவம் அவன், பிறகு வீடியோவிலை பாக்கேக்கை செத்தான்."

"பாக்கமாட்டான். நான் வெட்டிப்போடுவன். அதுதானே என்ர வேலை."

பிறகு என்னுடைய கோப்பைத் திறந்தார். நான் ஐஸில் இருந்த துண்டுகளை அவர் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தார், முன்னும் பின்னும் வாங்கோடு சேர்த்து. வடிவாகத்தான் இருந்தது: நான் குதிக்கிறேன், ஓடுகிறேன், திரும்பி வந்து தண்ணீர் குடிக்கிறேன். ஆனால் போன ஞாயிறு ஆட்டத்தில் ஓரிடத்தில் சனத்தின் சத்தம் துண்டாகக் குதித்தது. மின்பலகையில் நேரமும் குதித்தது.

"இதிலை என்ன வெட்டினனீங்கள்?"

"ஒண்டுமில்லை."

"அப்பா."

"சும்மா, கொஞ்சம்."

"முழுசாப் போடுங்கோ."

அவர் வெட்டி எடுத்த துண்டைத் தேடிச் சேர்த்தார். பிறகு போட்டார்.

இரண்டாம் பகுதி ஆட்டம். நான் வாங்கில் இருக்கிறேன். முகம் மேலே, மணிக்கூட்டைப் பார்த்தபடி. உதடுகள் அசைகின்றன, பிரித்தல் கணக்கு. பின்னால் கோச் வருகிறார். இரண்டு விரல். என் வலது தோள். நான் அசையவில்லை. அவர் நிற்கிறார். ஒரு விநாடி, இரண்டு விநாடி. எனக்கு அடுத்திருந்தவன் என்னைப் பார்க்கிறான், கோச்சைப் பார்க்கிறான், எழும்பிச் சுவரைத் தாண்டுகிறான். நான் இன்னும் மேலே பார்த்துக்கொண்டிருக்கிறேன், எனக்கு எப்போது முறை வரும் என்று.

அப்பா நிறுத்தப் போனார். "விடுங்கோ," என்றேன்.

மூன்றாம் பகுதி. மறுபடி கோச். கை என் தோளுக்கு வருகிறது. பாதியில் நிற்கிறது. என் முகம் எங்கே இருக்கிறது என்று பார்க்கிறார். கை திரும்பிப் போகிறது.

அந்தக் கை பாதியில் திரும்பியதை நான் ஒன்பது தடவை பார்த்திருப்பேன். என்னை அழைக்கவே இல்லை என்று நான் எத்தனை பேருக்குச் சொன்னேன்! காரில், குளியலறையில், தலையணைக்கு, வடக்கத்தி மனேஜருக்கு.

"நீங்கள் அண்டைக்கே கண்டனீங்களோ?"

"அண்டைக்கில்லை. நான் போகஸ் பாத்துக்கொண்டு நிண்டனான். வெட்டேக்கைதான் கண்டனான்."

"ஏன் சொல்லேல்லை?"

"என்னெண்டு சொல்லுறது?" அப்பாவுக்குக் குரல் இறங்கிவிட்டது. "மாப்பிளையிட்டைப் போய், நீங்கள் வாயைப் பிளந்துகொண்டு இருந்தனீங்கள் எண்டு ஆரும் சொல்லுறதோ? நான் வெட்டி வடிவாக்கித்தானே குடுக்கிறனான்."

அன்று முழுவதும் நான் செவன் கிங்ஸ் பூங்காவைச் சுற்றி நடந்தேன். ஓடினேன் என்றும் சொல்லலாம். வடக்கே போய் இருபது நிமிடம் ஆடலாம். அறுபதில் இருபது போனால் அங்கேயும் நாற்பது நிமிடம் வாங்கில்தான். அந்த எளிய கழித்தல் கணக்கு அதுவரை எனக்குத் தோன்றவில்லை. வெட்டிய துண்டுகளை அனுப்பவில்லை.

புதன் காலை, பயிற்சி முடிந்து எல்லோரும் உடுப்பு மாற்றப் போன பிறகு, கோச் தன் ஸ்கேட் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த இடத்துக்குப் போனேன்.

"ஞாயிற்றுக்கிழமை நீங்கள் என்னைத் தொட்டீர்கள். நான் எழும்பவில்லை."

"இரண்டு தடவை," என்றார், நிமிராமல்.

"இல்லை. ஒருதடவைதான். மற்றத் தடவை கை பாதியில் திரும்பிவிட்டது."

இப்போது நிமிர்ந்தார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"அப்பா வீடியோ எடுக்கிறவர்."

"ஆட்டத்தையா?"

"இல்லை. என்னை."

அவர் சிரித்து நான் கண்டது அதுதான் முதல்தடவை. பிறகு கயிற்றுக்கே திரும்பினார். "உனக்கு எங்கேயோ அடிபட்டிருக்கிறது, சொல்ல வெட்கப்படுகிறாய் என்று நினைத்தேன். இந்த ஞாயிறும் நேரம் தருவேன் என்று சொல்லமாட்டேன்."

"தெரியும்," என்றேன்.

பின்னேரம் வடக்குக்குப் போன் எடுத்தேன். வரவில்லை என்றதும் மனேஜருக்குக் கோபமில்லை, ஆச்சரியம்தான். "வாங்கிலேயே இருக்கப் போகிறாயா?" என்று கேட்டார்.

"நான் இன்னும் அதில் ஒழுங்காக இருந்து பார்க்கவில்லை," என்றேன்.

போனை வைத்ததும் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். பிழை விட்டுவிட்டேனோ? இருபது நிமிடம்! அம்மா கதவடியில் நின்று கேட்டிருக்கிறார். "அப்ப நீ போகேல்லை," என்றார், முகமெல்லாம் சந்தோஷமாக. அடுத்த மூச்சிலேயே, "அப்ப இந்த ஞாயிறு எத்தினை நிமிசம்?"

ஞாயிறு வந்தது. எதிர்ப்படியில் அப்பா, அன்று சாமத்தியவீடு ஒன்றிலிருந்து, கோட்டில் சந்தனப் பொட்டின் கறையோடு. நான் இரண்டாவது கோலியிடம் ஒரு உதவி கேட்டிருந்தேன்: நான் மேலே பார்த்தால் உதைக்க வேண்டும். அந்த மனிதருக்கு அந்த வருடத்தில் கிடைத்த மிகச் சந்தோஷமான வேலை அது. முதல் பகுதியில் மட்டும் ஏழு உதை. கோலியின் கால் கவசம் மெத்தை மாதிரி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

"மறுபடி பார்த்தாய்," என்றார்.

"சனத்தைப் பார்த்தேன்."

"சனம் கூரையில் தொங்குவதில்லை."

மேலே பார்க்க முடியாதவனுக்கு வேறு எங்கே பார்ப்பது? ஐஸைத்தான். முழங்கால் ஆடிக்கொண்டுதான் இருந்தது. அதை நிறுத்த ஏலாது. ஆனால் இரண்டாம் பகுதி நடுவில் ஒன்றைக் கண்டேன். எதிரணியின் உயரமான பின்காவலர் ஒருவர், தன் கோலுக்குப் பின்னால் வட்டை எடுக்கும்போதெல்லாம் இடது பக்கமாகவே திரும்பினார். நான்கு தடவை பார்த்தேன், நான்கு தடவையும் இடது. கோலியிடம் சொன்னேன். "இரண்டு மாதமாக நான் இதுபோல எத்தனையோ பார்த்தாயிற்று," என்றார். "எனக்குக் கதவு திறக்கிற வேலை."

மூன்றாம் பகுதி. மிச்சம் எவ்வளவு நேரமென்று தெரியாது, சத்தியமாகத் தெரியாது. இரண்டு விரல். விரல் எடுபட முன்னமே நான் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றேன். உயரமானவர் கோலுக்குப் பின்னால் போனார். நான் வட்டைத் துரத்தவில்லை; அவர் திரும்பப்போகிற இடது பக்கத்துக்குப் போனேன். அவர் திரும்பினார். வட்டு நேரே என் மட்டைக்கு வந்தது, யாரோ கையில் தந்ததுபோல. நடுவில் நின்றவனுக்குத் தள்ளினேன். அவன் அடித்தான். கோல் கம்பத்தில் பட்டு, டங் என்று அரங்கு முழுக்கக் கேட்டது. கோல் இல்லை. யாரோ என்னை இடித்து விழுத்தினார்கள், எழும்பினேன், திரும்பி வந்தேன். கதவு திறந்திருந்தது.

அந்த ஆட்டத்தில் பிறகும் இரண்டுதடவை என் தோளில் விரல் பட்டது. மொத்தம் இரண்டு நிமிடமும் கொஞ்சமும். ஆட்டத்தில் தோற்றோம். அம்மா இடியப்பத்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று தெரியாமல் நின்றார்.

அடுத்தநாள் பொறுக்கமுடியாமல் அப்பாவின் அறைக்குப் போனேன். தங்கச்சியும் வந்து நின்றாள். "அந்த டங்கைப் போடுங்கோ," என்றேன்.

அப்பா தலையைச் சொறிந்தார். "தம்பி, அது வந்து… நீ அவ்வளவு கெதியா எழும்புவாய் எண்டு நான் நினைக்கேல்லை. நீ எங்கை போனனீ எண்டு நான் தேடி முடியேக்கை நீ திரும்பி வந்திட்டாய்."

திரையில் வாங்கு. கவசங்களோடு நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும் ஆட்கள், நடுவில் ஓர் ஆள் அளவு இடைவெளி, சுவரின் மேல் என் தண்ணீர்ப் போத்தல். கமரா ஒரு சாண்கூட நகரவில்லை. கோலி கதவைப் பிடித்தபடி எழும்பி நிற்கிறார். கழுத்து இடமிருந்து வலமாகத் திரும்புகிறது, வாய் ஏதோ கத்துகிறது. வெளியே எங்கேயோ டங். வாங்கில் எல்லோரும் ஒரேயடியாகத் தலையில் கை வைக்கிறார்கள்.

"அண்ணா," என்றாள் தங்கச்சி, "உன்ர பெஸ்ட் நாற்பது செக்கன், அதிலை நீயே இல்லை."

அப்பா மவுஸைக் கையில் எடுத்தார். "இதை வெட்டட்டோ?"

"வேண்டாம்," என்றேன். "வெட்டாதேங்கோ. திருப்பிப் போடுங்கோ."